சம்மதம் இன்றி ஏற்கப்படாது

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

உடலே கிடைக்காத ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? மூன்று வாரமாக இந்தக் கேள்வி என் மேசையில் கிடக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே பதினோரு பக்கம் எழுதி முடித்துவிட்டேன்.

நாம் பேசி இரண்டு வருடம் ஆகிறது. என் எண்ணைப் பார்த்தால் நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

நாளை அவையில் ஒரு மசோதா அறிமுகமாகிறது. வெள்ளத்தில் காணாமல் போன இருநூற்றுப் பதினாறு பேரைப் பற்றியது. நீர்த்துறை கேட்டது, அமைச்சரவை ஒப்புக்கொண்டது, எழுதித் தரச் சொல்லி எங்கள் சட்ட வரைவுப் பிரிவுக்கு வந்தது, மேலதிகாரி என்னிடம் தந்தார். இணைத்திருந்த பட்டியலில் நூற்று நான்காவது பெயர் அண்ணனுடையது. அதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

சாரம் இதுதான். காணாமல் போனவரின் கணவன் அல்லது மனைவி, வயது வந்த பிள்ளை, உடன்பிறந்தவர், வேலை கொடுத்தவர் ஆகியோரில் யார் வேண்டுமானாலும் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால், அவர் வெள்ளம் வந்த நவம்பர் பதினேழாம் தேதியே இறந்ததாகக் கொள்ளப்படுவார். 'கொள்ளப்படுவார்' என்பது எங்கள் தொழிலுக்குப் பிடித்த சொல். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு எல்லோரும் மேலே போவதற்கு அது உதவும்.

செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட என்னிடமிருந்து தெரிந்துகொள்வது மேல் என்று நினைத்தேன். அன்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சொன்ன இடம் தவறு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 14

வக்கீலுக்கு,

உன் அண்ணன் உன்னை இப்படித்தான் கூப்பிடுவார். எனக்கும் வேறு பெயர் கைக்கு வரவில்லை.

சொன்ன இடம் தவறா? வீடு நிறைய ஆட்கள். கல்லூரியிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் நிற்கிறாள் என் பெண். அவள் எதிரில், 'அண்ணன் போயாச்சு அண்ணி, இன்னும் எத்தனை நாள் வாசலையே பாத்துட்டு இருப்பீங்க' என்றாய். உன் பெட்டியை நான் எடுத்து வெளியே வைத்தது பெரிய விஷயமே இல்லை. இன்னொருத்தியாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பாள்.

நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். 'வேலை கொடுத்தவர்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை யார் போடச் சொன்னது? சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். போன மாதம் நீர்த்துறையின் உதவிப் பொறியாளர் வீட்டுக்கு வந்து, நான் தைத்து வைத்திருந்த பள்ளிச் சீருடைக் கட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். கல்வெட்டு வைக்கப்போகிறார்களாம், போட்டோ வேண்டுமாம். அந்த ராத்திரி மதகைத் திறக்கச் சொல்லி, அவர் வேலையில் இருந்த நீரேற்று நிலையத்துக்குப் போன் போட்டது யார் என்று உன் அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும். காணாமல் போனவர் என்றால் விசாரணைக் கோப்பு திறந்தே இருக்கும். செத்துப்போனார் என்றால் கட்டி மேலே போட்டுவிடலாம். கல்வெட்டில் பெயரும் வந்துவிடும், மரியாதையாக.

அந்த லாரி கிளீனர் வெள்ளத்துக்கு அப்புறம் அவரைப் பார்த்திருக்கிறான். அக்கரையில், நிலையத்துக் காக்கிச் சட்டையோடு ஒரு லாரியின் பின்னால் ஏறினாராம். உனக்கு நம்பிக்கை இல்லை. இல்லாமல் போகட்டும்.

எனக்கு ஒன்று மட்டும் செய். நான் கையெழுத்துப் போடாமல் எவனும் அவரைச் சாகடிக்கக் கூடாது. ஒரு வரிதானே? எழுது.

அண்ணி

பிப்ரவரி 21

அண்ணிக்கு,

ஒரு வரிதான். ஆனால் அது என் வரி இல்லை.

நான் சட்டம் செய்கிறேன் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் நான் தையல்காரி மாதிரி, உங்களுக்குப் புரியும். அளவு இன்னொருவருடையது, துணியும் இன்னொருவருடையது. துறை என்ன வேண்டும் என்று குறிப்பு அனுப்பும். அதை நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி நான் எழுதுவேன். மேலதிகாரி படிப்பார். எங்கள் மேலதிகாரிக்கு அலுவலகத்தில் 'மாட்டேன்னா' என்று பெயர். எந்தப் பிரிவைக் காட்டினாலும் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, 'சரி, அவங்க மாட்டேன்னா?' என்பார். ஒருவர் இதைச் செய்ய வேண்டும் என்று எழுதினால், செய்யாவிட்டால் யாரிடம் போவது என்பதும் அடுத்த வரியில் இருக்க வேண்டும். முப்பது வருடமாக அவருக்கு இது ஒன்றுதான் கேள்வி.

அதன் பிறகு அவை. முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும் படிப்பார்கள், அது முடிந்துவிட்டது. அடுத்து மசோதாவின் நோக்கத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவார்கள். பிறகு பதினைந்து உறுப்பினர் கொண்ட குழு ஒவ்வொரு பிரிவாகப் பார்க்கும். திருத்தம் வேண்டுமானால் அங்கே ஓர் உறுப்பினர்தான் கொடுக்க முடியும். நான் கொடுக்க முடியாது, அது முறைகேடு. என் அண்ணன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கும்போது இரட்டை முறைகேடு.

உங்களுக்கு நல்லது செய்ய எனக்கு மனமில்லை என்று நினைக்க வேண்டாம். வழியில்லை என்றுதான் சொல்கிறேன்.

மார்ச் 2

வக்கீலுக்கு,

வழி இல்லை என்று நாலு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு ஒரு வரி எழுத முடியவில்லை.

நான் வேறு யாரிடம் போவேன்? சொல்.

மார்ச் 24

அண்ணிக்கு,

மசோதா நேற்று நிறைவேறியது. நீங்கள் கேட்ட வரி அதில் இருக்கிறது. எப்படி வந்தது என்பதை எழுதிவிடுகிறேன். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

திருத்தம் கொடுக்கும் கடைசி நாள் மார்ச் ஒன்பது, மாலை ஐந்து மணி வரை. நாலரைக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். முன்னாள் பேருந்து நடத்துநர். அவையில் எல்லோரும் 'கண்டக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்தக் கட்சி உறுப்பினர் வந்தாலும் அவர் கேட்பதைத் திருத்தமாக எழுதித் தருவது எங்கள் கடமை. அவர் தொகுதியிலும் காணாமல் போனவர்களின் மனைவிகள் இருக்கிறார்கள். துறை ஆட்கள் வீடு வீடாகப் போய் அவசரப்படுத்துகிறார்களாம். என்ன வேண்டும் என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்காமல், யாருடைய சம்மதம் முக்கியம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது.

'அதாம்மா. அந்தப் பொம்பளைங்களைக் கேக்காம எவனும் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான்' என்றார்.

எழுதினேன்: 'கணவன் அல்லது மனைவி உயிருடன் இருப்பின், அவருடைய எழுத்துமூலமான சம்மதம் இன்றி எந்த விண்ணப்பமும் ஏற்கப்படாது.'

மேலதிகாரி படித்தார். கண்ணாடி இறங்கியது. 'மாட்டேன்னா?'

'மாட்டேன்னா மாட்டேன்தான் சார்.'

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் பட்டியல் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஒன்றும் கேட்காமல் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டுத் தந்தார். கண்டக்டர் தாளை எடுத்துக்கொண்டு படியில் ஓடினார்.

குழுவில் அது எப்படி ஏற்கப்பட்டது என்று எனக்குப் புரியவில்லை. மதிய உணவுக்கு முந்தைய கடைசித் திருத்தமாக அது இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நேற்று கூட்டத் தொடரின் கடைசி நாள். நான் அதிகாரிகள் மாடத்தில் இருந்தேன். யாரோ யாரையோ பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தையை அவைக்குறிப்பிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று நாலு மணி நேரம் போனது. மாலை ஐந்துக்கு எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று முன்பே தீர்மானம் போட்டிருந்தார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நம் மசோதா வந்தது. அமைச்சர் திரும்பி ஒரு துண்டுச் சீட்டை எனக்கு அனுப்பினார். 'பிரிவு 7, சம்மதம். இதில் நமக்குச் சிக்கல் வருமா?' என்று இருந்தது.

'வராது' என்று எழுதி அனுப்பினேன்.

சபாநாயகர் பிரிவு ஐந்திலிருந்து முப்பத்தெட்டு வரை ஒன்றாகச் சேர்த்து வாக்குக்கு விட்டார். ஆம் என்று சத்தம் வந்தது. ஏழு நிமிடம் ஆனது. மூன்றாம் வாசிப்பும் அதற்குள் முடிந்தது. இருபத்தைந்து வருட வேலையில் நானாகச் செய்த சட்டம் அந்த 'வராது' ஒன்றுதான்.

ஏப்ரல் 3

வக்கீலுக்கு,

கிழித்துவிட்டேன். ஒரு தரம் படித்து, இன்னொரு தரம் படித்து, அப்புறம்.

உதவிப் பொறியாளர் நேற்று வந்தார், கையில் விண்ணப்பத்தோடு. ஒரு கையெழுத்துத்தான், சும்மா நடைமுறை என்றார். 'போட மாட்டேன் சார்' என்றேன். 'நீங்க போடலன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா' என்றார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என் வீட்டுக்கு வந்து, முடியாது என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

உன் பெட்டியை வெளியே வைத்ததற்கு நானும் வருத்தப்படவில்லை. ஆனால் அதை வைக்கும்போது கைப்பிடி உடைந்துவிட்டது, அது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஊருக்கு வந்தால் புதிது வாங்கித் தருகிறேன்.

ஜூலை 12

அண்ணிக்கு,

பெண் என்னிடம்தான் இருக்கிறாள். கவலைப்பட வேண்டாம். ஒரு தோள்பையோடு காலையில் வந்து, 'அத்தை, நாலு நாள் இருக்கலாமா' என்றாள். நேரே போய்க் குளித்துவிட்டுத் தூங்கினாள். நீங்கள் சண்டை போட்டதை அவள் சொல்லவில்லை, நான் ஊகித்துக்கொண்டேன்.

சாயங்காலம்தான் விஷயத்தைச் சொன்னாள். பணியில் இறந்தவரின் பிள்ளைக்கு அவருடைய துறையிலேயே வேலை தரும் விதி நீர்த்துறையில் இருக்கிறது. வெள்ளத்தில் போனவர்களின் பிள்ளைகள், சட்டம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் இறப்புச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் செப்டம்பர் 30. அவள் மின்துறையில் டிப்ளமா முடித்துவிட்டு செல்போன் கடையில் உறை மாட்டிக்கொண்டிருக்கிறாள். பதிவாளரிடம் தானே போய் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். உங்கள் சம்மதம் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதி வாங்கி வந்திருக்கிறாள். அந்தத் தாளை என் முன்னால் வைத்து, 'இதுக்கு என்ன அர்த்தம் அத்தை?' என்றாள். என் வாக்கியத்தை எனக்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதியது யார் என்று சொல்லவில்லை.

நீரேற்று நிலையத்திலேயே போய் நிற்கப்போகிறாயா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'அப்பா நின்ன இடத்துல நிக்கணும்னு ஆசை இல்ல அத்தை. ஒவ்வொரு ஃபாரத்துலயும் தந்தை இருக்கிறாரா இல்லையான்னு கேக்கறான். அம்மா இருக்கிறார்னு டிக் பண்ணுது. அப்புறம் அவரைக் கூட்டிட்டு வாங்கறான். எனக்கு ஒரு வேலை வேணும். அவருக்கு ஒரு தேதி வேணும்.'

ஜூலை 20

வக்கீலுக்கு,

எல்லோரும் சேர்ந்து நன்றாகப் பேசி வைத்திருக்கிறீர்கள்.

முன்பு நீர்த்துறை மட்டும் வந்தது. இப்போது தெருவே வருகிறது. பெண்ணின் எதிர்காலம் என் கையில் இருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரி, என் தம்பி, சீருடைக்கு அளவு கொடுக்க வரும் டீச்சர்கூட. 'ஒரு கையெழுத்துத்தானே' என்கிறார்கள். உன் சட்டம் வருவதற்கு முன்னால் அவர் காணாமல் போனவர், அவ்வளவுதான். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அவர் உயிரோடு இருப்பது என்னுடைய பிடிவாதத்தினாலாம். நான் போட்டால் நான் கொன்றேன். போடாவிட்டால் பெண்ணைக் கெடுத்தேன்.

எவனாவது என்னைக் கேட்காமல் செய்திருந்தால் அவனைச் சபித்துவிட்டு, வாழ்நாள் முழுக்கக் காத்திருந்திருப்பேன். அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

அந்த வரியை எடுத்துவிடு. போடத் தெரிந்தவளுக்கு எடுக்கவும் தெரியும்.

ஆகஸ்ட் 10

அண்ணிக்கு,

எடுக்க முடியாது. ஒரு மசோதாவை மாற்றுவதற்குத் திருத்தம் போதும். சட்டத்தை மாற்ற இன்னொரு மசோதா வேண்டும். கண்டக்டரைப் போய்ப் பார்த்தேன். தனி உறுப்பினர் மசோதா கொடுக்கிறேன் என்றார், கொடுக்கவும் செய்தார். நேற்று முன்தினம் அவையைக் கலைத்துவிட்டார்கள். தேர்தல் வருகிறது. அவை கலைந்தால் நிலுவையில் இருக்கிற மசோதாக்கள் எல்லாம் அதோடு போய்விடும். புதிய அவை கூடுவதற்குள் செப்டம்பர் 30 தாண்டிவிடும்.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். சம்மதம் மறுக்கப்பட்டால் அது இல்லாமலேயே விண்ணப்பத்தை ஏற்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று இன்னொரு வரி இருந்திருந்தால் பெண் நீதிமன்றத்துக்குப் போயிருப்பாள். முடிவு ஒரு நீதிபதியுடையதாக இருந்திருக்கும். நீங்கள் அவரைச் சபித்திருக்கலாம். அந்த இரண்டாவது வரியைத்தான் மேலதிகாரி கேட்டார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள்கூட விடாத வரி அது. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. யாரும் திறக்க முடியாத கதவு ஒன்றை உங்களுக்குச் செய்து தர நினைத்தேன். அதற்குள் நீங்களும் இருப்பீர்கள் என்று யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாரி கிளீனரை இரண்டு வருடம் முன்பே போய்ப் பார்த்தேன். அதே கதையை, அதே காக்கிச் சட்டையை, அவன் நான்கு வீட்டில் சொல்லியிருக்கிறான். போன இடமெல்லாம் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் அன்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாய் தவறி வந்த பேச்சு இல்லை அது.

செப்டம்பர் 26

வக்கீலுக்கு,

நான்கு வீடு இல்லை, ஆறு. எனக்கு முதல் வருடமே தெரியும். அதில் கடைசி வீட்டுக்காரியும் நானும் ஒரே கடையில்தான் நூல் வாங்குகிறோம். ஒருத்தி சொல்ல ஒருத்தி கேட்டுக்கொண்டோம். 'இருக்கட்டுமே, நமக்கென்ன' என்றாள்.

முப்பதாம் தேதி காலை பதினோரு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்துக்கு வருகிறேன். பெண்ணைக் கூட்டி வா. அவளுக்காக மட்டும் வருகிறேன். அங்கே எனக்கு எதையும் விளக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்.

செப்டம்பர் 29

அண்ணிக்கு,

இது உங்கள் கைக்கு வருவதற்குள் நாளைய நாள் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. யார் எழுதிய வரி என்று இன்று அவளிடம் சொல்லிவிட்டேன். பதிவாளரிடம் எழுதி வாங்கி வந்த தாளை எடுத்து இன்னொரு தரம் படித்தாள். பிறகு, 'அம்மாவுக்குன்னு கேட்டா அப்பாவும் இப்படித்தான் அத்தை, யோசிக்காமச் செஞ்சிருப்பாரு' என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

நாளை நீங்கள் வந்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திரும்பிப் போனாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கூட்டம் முடிந்தாலும் நடந்ததை எழுதி மற்ற தரப்புக்கு அனுப்பி, தவறு இருந்தால் சொல்லச் சொல்வோம். இந்த உறையை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். நாளை நடப்பதை எழுதி இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

செப்டம்பர் 30

நீங்கள் 10.40க்கே வந்துவிட்டீர்கள். வாசல் பெஞ்சில் உங்களுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். 12.15க்கு மூன்றாம் எண் ஜன்னலில் கூப்பிட்டார்கள்.

எழுத்தர் சம்மதப் படிவத்தைத் தந்தார். பெயர், உறவு, முகவரி எல்லாம் நீங்களே நிரப்பினீர்கள். இறந்த தேதி என்ற இடத்தில் செப்டம்பர் 30 என்று எழுதினீர்கள்.

எழுத்தர், 'அம்மா, அது இன்னைக்குத் தேதி' என்றார். நீங்கள், 'தெரியும். இன்னைக்குத்தான்' என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். இன்றைய தேதி இருந்தால் அது பணியில் நேர்ந்த இறப்பு ஆகாது. பெண்ணுக்கு வேலையும் இல்லை. 'அந்தத் தேதி செல்லாது அண்ணி. சட்டத்துல நவம்பர் பதினேழுதான்' என்று நான் சொன்னேன். எழுத்தர் அடித்துவிட்டு மேலே எழுதினார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் கேட்டார். இட்டீர்கள். கீழே கையெழுத்தும் போட்டீர்கள்.

2.50க்குச் சான்று கிடைத்தது. பெண் அதை வாங்கிக்கொண்டு நீர்த்துறை அலுவலகத்துக்கு ஓடினாள். 3.35க்கு விண்ணப்பம் பெற்றுக்கொள்ளப்பட்டதாக ரசீது தந்தார்கள்.

நாம் இருவரும் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். நீங்கள் கேட்டீர்கள்: 'அன்னைக்கே போயிட்டாருன்னா, இந்த மூணு வருஷமா அவர் இருக்கார்னு நான் எழுதிக் குடுத்ததெல்லாம் பொய்யா?'

பிரிவு 11 இருக்கிறது, நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்தது எதுவும் குற்றமாகாது என்று சொன்னேன்.

'அதையும் நீதான் எழுதினியா?'

ஆமாம் என்றேன்.

'அதுக்கு மட்டும் வழி வச்சிருக்க' என்றீர்கள்.

4.50 பேருந்தில் ஏறினீர்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வண்டி கிளம்பும் வரை நான் நின்றேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.